ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர் ஓடுமா?

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். தினமும் போக வர 60 கி.மீ. மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் மாதம் இரண்டு முறை கோவைக்குக் கூட்டிப்போக வேண்டும். கணவருக்கு ஓசூரில் வேலை. வருடத்துக்கு நான்கு முறையாவது குடும்பத்தோடு அங்கே போய்வருகிறார்கள். இப்போது இருப்பது 12 வயதான பெட்ரோல் செடான். லிட்டருக்கு 14 கொடுக்கிறது, அதுவும் ஏ.சி.யைக் குறைத்து வைத்தால்.

மாற்றலாம் என்று இரண்டு ஷோரூம் ஏறி இறங்கி, இரண்டு கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார். பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த 'ஹைபிரிட்' ஆன்ரோடு 15.8 லட்சம். மின்சாரக் கார் 18.9 லட்சம். மின்சாரக் கார் விற்பவர், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் மேடம், அதுவும் 100 யூனிட் ஃப்ரீ இருக்கே" என்றாராம். ஹைபிரிட் விற்பவர் லிட்டருக்கு 28 என்றாராம். துறையில் சக பேராசிரியர் ஒருவர், "நிலக்கரியில் ஓடுற வண்டிங்க அது, பெட்ரோலை விட மோசம்" என்கிறார். கொழுந்தனார், "அஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும் அண்ணி" என்று பயமுறுத்துகிறார். கடிதத்தின் கடைசியில் வாசகியே ஒன்று கேட்கிறார்: "மொட்டை மாடியில் நின்றால் எங்களுக்குக் காற்றாலைகள் தெரியும். எங்கள் ஊர் கரண்ட் சுத்தமான கரண்ட்தானே சார்? செலவு, புகை இரண்டையும் பார்த்து எது நல்லது என்று சொல்லுங்கள்."

சகோதரி, நீங்கள் கொட்டேஷன்களோடு மாடி, கீழ் வீடு இரண்டின் ஈ.பி. பில்லையும் சேர்த்து அனுப்பியது நல்ல காரியம். முப்பது வருடம் மில்களில் மின்கணக்குப் பார்த்தவன் நான். கார் பற்றிக் கேட்பவர்களிடமும் முதலில் ஈ.பி. பில்லைத்தான் கேட்பேன். பாதிப் பேர் அனுப்புவதில்லை.

முதலில் அந்தக் கொட்டேஷன்

உங்கள் 15.8 லட்சம் கொட்டேஷனில் வேரியண்ட் பெயரைப் பார்த்தேன். அது நீங்கள் நினைக்கிற ஹைபிரிட் இல்லை. அதை மைல்டு ஹைபிரிட் என்பார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று பெல்ட்டில் மாட்டியிருக்கும். சிக்னலில் இன்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். அவ்வளவுதான். அந்த மோட்டாரால் தனியாகக் காரை ஒரு அடி நகர்த்த முடியாது. உங்கள் சாலையில் அது 16, 17 கொடுத்தால் பெரிது.

விற்பவர் சொன்ன 28 வேறு வண்டியுடைய எண். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் வரும், மோட்டார் தனியாகவே காரை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட் வேரியண்ட்டுக்குச் சோதனைக்கூடத்தில் கிடைத்தது 27.97. அதே கார், அதே ஷோரூம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்துதான் வித்தியாசம். அந்த வேரியண்ட்டின் ஆன்ரோடு விலை 20 லட்சத்தைச் சுற்றி வரும். ஆக, "ஹைபிரிட் மூன்று லட்சம் மலிவு" என்று கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது நிற்காது. உண்மையான ஹைபிரிட்டை எடுத்தால் அது மின்சாரக் காரை விட ஒரு லட்சமாவது கூடுதல். காரணம் பெரும்பாலும் வரி. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு இந்த அளவு ஹைபிரிட்டுக்கு 40. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 விழுக்காடு. உங்கள் மின்சாரக் கார் கொட்டேஷனில் சாலை வரிக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

இன்னொன்று. "ஹைபிரிட் பாதி கரண்டில் ஓடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பிளக்கே கிடையாது. அதன் பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு, முக்கால் யூனிட் அளவு. பிரேக் போடும்போது வீணாகப் போகும் ஓட்டத்தைப் பிடித்து அதில் வைத்து, மறுபடி கிளம்பும்போது செலவழிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பெட்ரோல் டேங்கிலிருந்து வந்ததே.

ஈ.பி. பில் சொல்லும் கதை

உங்கள் மாடி வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது. பில் 1,301 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம் என்பது உண்மை. ஆனால் அந்த 100 யூனிட்டையும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் முதல் இரண்டு வாரத்திலேயே தின்று முடித்துவிடுகின்றன. காருக்கு மிச்சம் ஏது? காருக்குப் போகும் யூனிட் எல்லாம் மேலே, விலை கூடிய படிகளில்தான் போய் உட்காரும்.

கணக்குப் போடுவோம். கல்லூரிக்கு மாதம் 22 நாள், கோவைக்கு இரண்டு நடை. மாதம் 1,600 கி.மீ. இரண்டு மாதத்துக்கு 3,200. நீங்கள் பார்த்திருக்கும் 45 யூனிட் பேட்டரி வண்டி, சுவரில் பிளக் போட்ட இடத்திலிருந்து கணக்கிட்டால், ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. ஓடும். விளம்பரத்தில் இதைவிட அதிகம் போட்டிருப்பார்கள். ஏற்றும்போது சூடாகப் போகும் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் மீட்டர் சேர்த்துவிடும். ஆகக் காருக்கு 490 யூனிட்.

420 கூட்டல் 490, மொத்தம் 910. 2024 ஜூலையிலிருந்து இருக்கும் வீட்டுக் கட்டணப்படி 500ஐத் தாண்டியதுமே 8.40, 600க்கு மேல் 9.45, 800க்கு மேல் 10.50. போதாததற்கு, 500ஐத் தாண்டினால் 101லிருந்து 200 வரை கிடைத்துவந்த 2.35 ரூபாய்ச் சலுகை விலையும் போய் அதுவும் 4.70 ஆகிவிடும். பில் 5,925. பழைய பில்லைக் கழித்தால் காரின் பங்கு 4,624 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் 44 பைசா. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்.

என் வீட்டில் மின்சாரக் கார் வந்த பிறகு முதல் பில் வந்த அன்று, என் மனைவி பில்லை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவன், கடைசிப் படியின் விலையைப் போடாமல் சராசரி விலையைப் போட்டுப் பார்த்திருந்தேன்.

இப்போது உங்கள் கீழ் வீட்டு பில்லுக்கு வருகிறேன். மாமனார் பெயரில் தனி இணைப்பு, தனிச் சமையல். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான். பில் 188 ரூபாய். கார் நிற்பதும் கீழேதான். அந்த மீட்டரிலிருந்து காருக்கு ஒயர் இழுத்தால்? 180 கூட்டல் 490, 670. பில் 3,541. காரின் பங்கு 3,353 ரூபாய், யூனிட்டுக்கு 6.84. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசா. விற்பவர் சொன்னது ஏறக்குறையப் பலித்துவிடுகிறது பாருங்கள், அவருக்கே தெரியாமல்! பாதி மாடியில், பாதி கீழே என்று பிரித்து ஏற்றினாலும் இதே விலைதான் வருகிறது. அந்தச் சிரமம் வேண்டாம்.

ஆனால் கார் ஏற்றுவதற்கென்றே மூன்றாவதாக ஒரு வீட்டு இணைப்பு வாங்கும் யோசனையை யாராவது கொடுத்தால் கேட்காதீர்கள். ஒரே வீட்டில் ஒரே குடும்பம் இரண்டு இணைப்பில் இலவச யூனிட் வாங்குவதை மின்வாரியம் ஒத்துக்கொள்ளாது. உங்கள் கீழ் வீடு உண்மையிலேயே தனிக் குடித்தனம் என்பதால்தான் இது செல்லும்.

7.2 கிலோவாட் சார்ஜர் மாட்ட வேண்டும், லோடு கூட்ட வேண்டும் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. ஒரு நாள் ஓட்டம் 60 கி.மீ., அதற்கு ஒன்பது பத்து யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும் முன் பிளக் போட்டால் நடுநிசிக்குள் முடிந்தது. அந்தப் பணத்தில் எர்த்திங்கைச் சரிபார்த்து, மீட்டரிலிருந்து அந்தப் பிளக்குக்கு மட்டும் தனியாக 4 ஸ்கொயர் காப்பர் ஒயர் இழுத்து, லோடு மீறினால் அணைக்கும் நல்ல எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். போர் மோட்டார் ஓடும் லைனிலேயே காரையும் மாட்டிப் பிளக் கருகிப்போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலும் நெடுஞ்சாலையும்

ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97ஐ மறந்துவிடுங்கள். உடுமலை – பொள்ளாச்சி சாலையில் 21 என்று வைத்துக்கொள்ளலாம். டவுனுக்குள் நின்று நின்று போகிறவர்களுக்கு 24 கூடக் கிடைக்கும், அங்கேதான் பிரேக்கில் பிடிக்க நிறைய இருக்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போனால் ஹைபிரிட்டின் வித்தை குறைந்துவிடும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இதில் இன்னும் கொஞ்சம் கடிக்கும். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு.

உங்கள் வருட ஓட்டம், ஓசூர் பயணங்களின் 2,600 கி.மீ.யும் சேர்த்து, 21,800. லிட்டருக்கு 21 என்றால் 1,038 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்க்கு வருடச் செலவு ஒரு லட்சத்து ஐந்தாயிரம். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 80 பைசா.

மின்சாரக் காருக்கு வீட்டில் ஏற்றும் 19,200 கி.மீ.க்குக் கீழ் மீட்டரில் சுமார் 20,000 ரூபாய், மாடி மீட்டரில் 28,000. ஓசூர் பயணத்துக்கு வழியில் ஏற்ற வேண்டும். வேகச் சார்ஜரில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு யூனிட்டுக்கு 20, 25 ரூபாய் கேட்பார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு ஐந்தரை கி.மீ.தான் வரும். அதாவது அங்கே கிலோமீட்டருக்கு 4 ரூபாய். ஹைபிரிட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் பிளக் போட இடமில்லாமல் முழுக்க வெளியே ஏற்றி ஓட்டுகிறவர்களுக்கு நான் மின்சாரக் கார் வாங்கச் சொல்வதே இல்லை. அதற்குக் காரணம் இந்த எண்தான்.

உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. ஓசூர் பயணத்துக்குப் பத்தாயிரம் சேர்த்தாலும் மொத்தம் 30,000லிருந்து 38,000. ஹைபிரிட்டை விட வருடத்துக்கு 65,000 முதல் 75,000 வரை மிச்சம். சர்வீஸ் செலவும் கொஞ்சம் குறையும், ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் இல்லை. டயர் மட்டும் சீக்கிரம் தேயும், வண்டியின் கனம் அப்படி. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 15 விழுக்காடும் ஹைபிரிட்டுக்கு 7.5 விழுக்காடும் தள்ளுபடி உண்டு. ஆனால் காப்பீட்டில் பெரிய தொகை சொந்தச் சேதத்துக்கானது, அதை இரண்டு நிறுவனத்திலாவது கேட்டு ஒப்பிடுங்கள்.

வருமான வரியில் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31க்குள் கடன் ஒப்புதல் வாங்கியவர்களுக்கு மட்டும். உங்களுக்குக் கிடையாது. அதை நம்பித் தவணையைக் கூட்டிவிடாதீர்கள்.

புகைக் கணக்கு

பணத்தில் தெளிவாக இருக்கிற விடை புகையில் அப்படி இல்லை. இதை நான் சொல்லும்போது மின்சாரக் கார் பிரியர்கள் என்மேல் கோபப்படுவார்கள்.

உங்கள் மாடியிலிருந்து தெரியும் காற்றாலைகளில் பல, திருப்பூர், கோவை மில்காரர்களுடையவை. அதில் விளையும் யூனிட்டை அவர்கள் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். மற்றவை வாரியத்துக்கு விற்பவை. எதுவானாலும் கம்பியில் ஏறிய பிறகு அது காற்றாலைக் கரண்ட், இது நெய்வேலிக் கரண்ட் என்று பிரித்துப் பார்க்க முடியாது. 2013 டிசம்பர் 31 முதல் தென்னக மின்தொகுப்பே, அதாவது தென் மாநிலங்களின் மின்கம்பி வலையே, மற்ற இந்தியாவோடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் அள்ளிக் கொடுக்கும். மார்கழியில் அதே றெக்கைகள் அசையாமல் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் கார் வருடம் முழுக்க ராத்திரியில் ஏற்றப்படப்போகிறது.

நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரி. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்து 0.85 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் காருக்கு வருடம் சுமார் 3,400 யூனிட். ஆக 2.9 டன்.

ஹைபிரிட்டுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோ. 1,038 லிட்டருக்கு 2.4 டன். எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, பல்லடம் சாலை பங்க் வரை கொண்டுவருவதற்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2.9 டன்.

ஆம், இரண்டும் ஒன்றுதான். நான் வலிந்து சமமாக்கவில்லை, இன்றைய இந்திய மின்சாரம் அப்படி இருக்கிறது. அதற்கு மேல், 45 யூனிட் பேட்டரியைச் செய்வதற்கே மூன்று நான்கு டன் புகை போய்விடுகிறது. ஹைபிரிட்டின் முக்கால் யூனிட் பேட்டரிக்கு அந்தக் கடன் கிடையாது.

உங்கள் சக பேராசிரியர் சொன்னது அப்போதும் தப்புதான். உங்கள் பழைய செடான் இதே தூரத்துக்கு 1,557 லிட்டர் குடிக்கிறது. எல்லாம் சேர்த்து 4.3 டன். அதை விட மின்சாரக் கார் வருடத்துக்கு 1.4 டன் குறைவு. பேட்டரி செய்த கடனை இரண்டு மூன்று வருடத்தில் அடைத்துவிடும். அவர் "நல்ல ஹைபிரிட்டை விடச் சுத்தம் என்று சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தால் சரி. புகைபோக்கி உங்கள் கல்லூரி வாசலில் இல்லாமல் மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ இருக்கிறது என்பதும் ஒரு வித்தியாசம்தான். பிள்ளைகள் மூச்சு விடும் இடத்தில் நைட்ரஜன் புகை இல்லை. மேட்டூர்க்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

தராசைச் சாய்ப்பது உங்கள் மொட்டை மாடி. காற்றாலையை வேடிக்கை பார்க்கும் அதே இடத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட் வரும். கார் கேட்பது, ஓசூர் பயணத்தையும் சேர்த்தால், 570. நீங்கள் பகலில் கல்லூரியில் இருப்பீர்கள், கார் வீட்டில் இருக்காது. பரவாயில்லை. பகலில் தொகுப்புக்குக் கொடுத்து ராத்திரி வாங்கிக்கொள்வதுதான் நெட் மீட்டர். சனி, ஞாயிறு மட்டும் மதிய வெயிலில் பிளக் போடுங்கள். வருடக் கணக்கில் காரின் ஓட்டப் புகை ஏறக்குறைய அடைபட்டுவிடும். பேட்டரிக் கடனும் ஒன்றரை வருடத்துக்குள் தீரும். ஹைபிரிட்டால் இதைச் செய்யவே முடியாது. வெயிலிலிருந்து பெட்ரோல் எடுக்க வழியில்லை.

3 கிலோவாட்டுக்குச் சுமார் 2 லட்சம் ஆகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் போகக் கையிலிருந்து 1.2 லட்சம். சோலார் போடுவதானால் மீட்டர் கணக்கு தலைகீழாகும், கவனியுங்கள். அப்போது காரையும் சோலாரையும் மாடி இணைப்பிலேயே வையுங்கள். 910லிருந்து 720 கழிந்து 190 யூனிட்தான் பில்லுக்கு வரும், இருநூற்றுச் சொச்சம் ரூபாய். கீழ் வீட்டு 188 ரூபாய் அப்படியே இருக்கும். நாலரை, ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். சோலாரின் அளவு அந்த இணைப்பின் சாங்ஷன் லோடை, அதாவது வாரியம் அனுமதித்த கிலோவாட்டை, தாண்டக் கூடாது. மாடி இணைப்பில் எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு சோலார்க்காரரிடம் பேசுங்கள், அவரிடம் முதலில் பேசிவிட்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

பேட்டரி பயமும் நடுராத்திரி பயமும்

கொழுந்தனாரின் ஐந்து வருடக் கணக்கு சரியில்லை. பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ஆனால் எது முதலில் வருகிறதோ அது. வருடம் 21,800 ஓட்டும் உங்களுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும், ஏழு வருடம் நான்கு மாதத்தில். உத்தரவாதம் முடிந்த அன்றே பேட்டரி செத்துவிடாது, கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 60 கி.மீ. 300 ஓடிய வண்டி 220 ஓடினாலும் பொள்ளாச்சிக்குப் போய்வரலாம். கோவைக்கும் போய்வரலாம். விற்கும்போதுதான் அடி விழும். பழைய மின்சாரக் காருக்குச் சந்தை இன்னும் படியவில்லை. நான்கு வருடத்தில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் ஹைபிரிட் எடுங்கள் என்பேன். 12 வருடம் ஒரே காரை ஓட்டியவருக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாவுக்கு நெஞ்சு வலித்து, அப்போது கரண்டும் போயிருந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இந்த வரிதான் என்னை நிறுத்தியது. இதற்கு ஒரே வழி, காரில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் வைத்திருப்பது. பாதி என்றால் குறைந்தது 140 கி.மீ. கோவை 70 கி.மீ. குடத்தில் தண்ணீர் குறைந்தால் கை தானாகப் போகிற மாதிரி, வீட்டுக்கு வந்ததும் பிளக் போடுவது பழகிவிடும். இன்வர்ட்டரை நம்பாதீர்கள், அது காரைத் தாங்காது. அதைவிட முக்கியம், நெஞ்சு வலிக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

ஓசூர்ப் பயணம் போக வர 650 கி.மீ. போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். உடுமலையை விட ஓசூர் ஐநூறு மீட்டருக்கு மேல் உயரம். அதற்கே இரண்டரை, மூன்று யூனிட் கூடுதலாகக் குடிக்கும். திரும்பும்போது ஒரு பங்கு இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும். போகும்போது சேலம் பக்கத்தில் ஒருமுறை நின்று 80 விழுக்காடு வரை ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏறுவது ஆமை வேகம், காத்திருப்பது வீண். சாப்பாட்டு நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் போனால் சார்ஜரில் வரிசை நிற்கும், அன்று மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

நான் செய்வதானால்

மைல்டு ஹைபிரிட் கொட்டேஷனை இன்றே ஒதுக்கிவைப்பேன். மின்சாரக் காரை எடுப்பேன். சோலாரை முதல் பில் வந்த பிறகு, உண்மையில் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்து முடிவு செய்வேன். அதுவரை கீழ் மீட்டரில் ஏற்றுவேன். பழைய செடானுக்கு எக்ஸ்சேஞ்சில் ஒன்றரை லட்சம் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே கொடுக்க மாட்டேன். ஒரு வருடம் திண்ணையோரம் நிற்கட்டும். வாரம் ஒருமுறை கிளப்பி ஒரு சுற்றுப் போய்வாருங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். அந்த ஒரு வருடத்தில் நீங்கள் அதை எத்தனை முறை உண்மையில் எடுத்தீர்கள் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதற்கு அந்தக் காலண்டர் பதில் சொல்லிவிடும்.

ஒன்று மட்டும் மாறினால் என் பதில் மாறும். கணவருக்கு இடமாற்றம் வராமல், நீங்கள் மாதாமாதம் ஓசூர் போக வேண்டிய நிலை வந்தால், நெடுஞ்சாலை ஓட்டம் வருடம் எட்டாயிரத்தை நெருங்கும். அப்போதும் பணத்தில் மின்சாரக் கார்தான் மலிவு. ஆனால் ஒவ்வொரு மாதமும் மாமனாரோடு சார்ஜர் தேடி நிற்க மனசு வருமா என்று பாருங்கள். வராதென்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் கூடுதல் செலவை அந்த நிம்மதிக்கான விலையாகக் கட்டிவிடலாம். தப்பில்லை.

கடைசியாக ஒரு வேலை. கீழ் வீட்டு மீட்டரில் முதல்முறை ஏற்றும் முன்பே மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 188 ரூபாய் கட்டிப் பழகியவர் கையில் திடீரென்று 3,541 ரூபாய் பில்லைக் கொடுக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது.